பேராசிரியர் க. அன்பழகன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை கல்லூரிச் சாலையில் டிபிஐ என்று நாம் சொல்லிப் பழகிய கல்வித்துறை வளாகத்துக்கு 2022இல் பேராசிரியர் அன்பழகனின் பெயரைச் சூட்டினார்கள். அதிலிருந்து இளையவர்கள் பலரும் கேட்பது இதைத்தான்: யார் இந்தப் பேராசிரியர்? என்ன பாடம் எடுத்தார்? அரசியலில் என்ன செய்தார்? அவர்கள் கேட்கும் கேள்விகளையும், யாரும் கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும் என்று நான் நினைக்கும் சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஒரு சில வரிகளில் சொன்னால், யார் இவர்?

1922 டிசம்பர் 19 அன்று திருவாரூருக்குப் பக்கத்தில் உள்ள காட்டூரில் பிறந்தவர். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் ஆசிரியர். திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதல் தலைமுறைத் தலைவர்களில் ஒருவர். சட்டமன்றப் பேரவை, சட்டமன்ற மேலவை, மக்களவை மூன்றிலும் உறுப்பினராக இருந்தவர். மக்கள் நல்வாழ்வு, கல்வி, நிதி ஆகிய துறைகளின் அமைச்சர். 1977 முதல் 2020 மார்ச் 7 அன்று மறையும் வரை கழகப் பொதுச்செயலாளர். இறக்கும்போது வயது 97.

இயற்பெயர் ராமையா என்கிறார்களே?

ஆமாம். அப்பா கல்யாணசுந்தரம், அம்மா சொர்ணாம்பாள் வைத்த பெயர் ராமையா. தனித்தமிழ் உணர்வும் சுயமரியாதை இயக்கமும் இளைஞர்களைப் பற்றிக்கொண்ட காலம் அது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். இருவருமே சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். 1940களில் அந்தப் பல்கலைக்கழகம் திராவிட இயக்கத்துக்குப் பேச்சாளர்களை வரிசையாகத் தந்தது. விடுமுறை விட்டதும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மேடை ஏறுவார்கள். அப்படி வந்த மாணவப் பேச்சாளர்களை அழைத்துக் கூட்டம் நடத்திய திருவாரூர் இளைஞர்தான் மு. கருணாநிதி. இருவரின் நட்பும் அங்கே தொடங்கியது.

உண்மையிலேயே பேராசிரியரா, அல்லது கட்சிக்காரர்கள் வைத்த பட்டமா?

இரண்டும் உண்மை. அண்ணாமலையில் தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு 1944இல் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1957 வரை அங்கே பாடம் நடத்தினார். பதவி துணைப் பேராசிரியர்தான். கழக மேடைகள்தான் அவரைப் 'பேராசிரியர்' என்றே அழைத்து, பிறகு பெயரைச் சொல்லவே தேவையில்லாமல் ஆக்கிவிட்டன. தமிழ்நாட்டு அரசியலில் 'பேராசிரியர்' என்று மட்டும் சொன்னால் அது இவர்தான்.

அந்தக் காலத்துப் பச்சையப்பன் சாதாரண இடமில்லை. மு. வரதராசனார் அங்கேதான் தமிழ்த் துறையில் இருந்தார். அண்ணா படித்த கல்லூரியும் அதுதான். முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறிய வடசென்னைப் பையன்களுக்குத் தமிழ் வகுப்பு என்பது இலக்கியத்தோடு நின்றுவிடவில்லை. தன்னைப் பற்றித் தலை நிமிர்ந்து பேசக் கற்றுக்கொண்ட இடமாகவும் அது இருந்தது. அரசியலுக்கு வந்த பிறகும் அன்பழகனின் பேச்சில் வகுப்பறை நடை மாறவே இல்லை. முதலில் வரலாறு, பிறகு சான்று, கடைசியாகத்தான் முடிவு. கைதட்டலுக்காக ஒரு வரியை முன்னால் தூக்கிப்போடும் வழக்கம் அவரிடம் குறைவு. கூட்டத்தைக் குலுங்க வைக்கும் பேச்சாளர்கள் கழகத்தில் நிறைய. உட்கார வைத்துப் பாடம் சொன்னவர் இவர்.

நிலையான வேலையை விட்டுவிட்டு ஏன் தேர்தலில் நின்றார்?

1949 செப்டம்பரில் சென்னை ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க. பிறந்தபோதே அவர் அதில் இருந்தார். தேர்தலில் போட்டியிடுவது என்று கட்சி முடிவெடுத்தபின் வந்த முதல் தேர்தல் 1957. அதில் வென்றவர்கள் 15 பேர். அண்ணா காஞ்சிபுரத்திலிருந்தும், கருணாநிதி குளித்தலையிலிருந்தும், அன்பழகன் சென்னை எழும்பூரிலிருந்தும் வந்தார்கள்.

மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்த, ஊரே மரியாதை செய்யும் ஒரு வேலையை, ஆட்சியைப் பிடிக்கும் வாய்ப்பு கண்ணுக்கே தெரியாத ஒரு சின்னக் கட்சிக்காக விட்டார். பத்து வருடத்தில் அந்தக் கட்சி கோட்டையைப் பிடித்தது. ஆனால் 1957இல் அதை யாரும் கைநீட்டிக் காட்டியிருக்க முடியாது. அந்த 15 பேரைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

எத்தனை முறை எம்.எல்.ஏ.?

ஒன்பது முறை. 1957 எழும்பூர், 1971, 1977, 1980 புரசைவாக்கம், 1984 பூங்கா நகர், 1989 அண்ணா நகர், 1996, 2001, 2006 துறைமுகம். எல்லாமே சென்னைத் தொகுதிகள். தஞ்சை மண்ணில் பிறந்தவரைத் தலைநகரம் தன் ஆளாகவே எடுத்துக்கொண்டது.

நடுவில் 1962 முதல் 1967 வரை மேலவையில் இருந்தார். 1967இல் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவைக்குப் போனார். ஆட்சிமொழிச் சட்டத்தில் திருத்தம் வந்து, இந்தி பற்றிய விவாதம் நாடாளுமன்றத்தில் அனல் பறந்த ஆண்டு அது. அண்ணா 1969 பிப்ரவரியில் மறைந்தபோது அன்பழகன் டெல்லி உறுப்பினர்தான்.

கலைஞரைவிட வயதில் மூத்தவர். ஏன் எப்போதும் இரண்டாம் இடம்?

ஒன்றரை வயது மூத்தவர். படிப்பிலும் மேல். இதை வைத்து அவரை உசுப்பிவிடப் பலர் பல காலம் முயன்றார்கள்.

அவரே மேடைகளில் தன்னைப் பற்றி ஒரு வரிசை சொல்வார்: முதலில் மனிதன், அடுத்து அன்பழகன், மூன்றாவதாகப் பகுத்தறிவாளன், நான்காவதாக அண்ணாவின் தம்பி, ஐந்தாவதாகக் கலைஞரின் தோழன். இதைச் சிலர் வெறும் பணிவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தலைவருக்கு முன்னால் கொள்கையையும், கொள்கைக்கு முன்னால் தன் பெயரையும் வைக்கும் ஒருவர் இரண்டாம் இடத்தில் இருப்பது வேறு வழியில்லாமல் அல்ல. யோசித்து எடுத்த முடிவு அது.

கட்சி பிளந்த ஒவ்வொரு முறையும் அவர் எங்கே நின்றார் என்று பாருங்கள். 1972இல் எம்.ஜி.ஆர். பிரிந்தபோது பெருங்கூட்டமே அவர் பின்னால் போனது. நெருக்கடி நிலைக்குப் பின் 1977இல் நெடுஞ்செழியனே வெளியேறினார். 1993இல் வைகோ நீக்கப்பட்டார். மூன்று முறையும் அன்பழகன் நகரவில்லை. 'பேராசிரியரே இருக்கிறார், நாம் ஏன் போக வேண்டும்' என்று தங்கிவிட்ட கிளைக் கழகத் தொண்டர்கள் எத்தனையோ பேர்.

பொதுச்செயலாளர் என்றால் என்ன வேலை?

தி.மு.க.வில் அது அலங்காரப் பதவி இல்லை. கட்சி தொடங்கியபோது தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்று காலியாகவே வைத்துவிட்டார்கள். 1969 வரை பொதுச்செயலாளர்தான் கட்சியின் முதல் ஆள். அண்ணா வகித்த பதவி, நெடுஞ்செழியன் வகித்த பதவி. தலைவர் பதவி வந்த பிறகும் பொதுக்குழுவைக் கூட்டுவது, ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது எல்லாம் பொதுச்செயலாளர் பெயரில்தான் நடக்கும். அன்பழகன் பெயரில் அறிவிப்பு வந்துவிட்டால் விஷயம் முடிந்தது என்பது மாவட்டச் செயலாளர் முதல் வட்டச் செயலாளர் வரை எல்லாருக்கும் தெரியும்.

கலைஞர் மறைந்த பின் 2018 ஆகஸ்ட் 28 அன்று அண்ணா அறிவாலயத்தில் பொதுக்குழு கூடியது. மு.க. ஸ்டாலின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று அறிவித்தவர் 95 வயது அன்பழகன். எந்தக் குழப்பமும் இல்லாமல் தலைமை கை மாறியதற்கு அவர் அங்கே உட்கார்ந்திருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பதவியை இழந்ததும் உண்டா?

ஒருமுறை தானே விட்டார், ஒருமுறை பறித்தார்கள்.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்கள் மீது கொடூரமான வன்முறை நடந்தது. மத்திய, மாநில அரசுகள் போதிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று கண்டித்து, அடுத்த மாதமே கலைஞரும் அன்பழகனும் சட்டமன்ற உறுப்பினர் பதவியைத் தூக்கிப்போட்டார்கள். 1985இல் தொடங்கிய, ஈழத் தமிழர்களுக்கு ஆதரவான டெசோ அமைப்பிலும் இருவரும் இருந்தார்கள்.

அடுத்தது 1986. இந்தித் திணிப்பை எதிர்த்து, இந்திய அரசியல் சட்டத்தில் ஆட்சிமொழி பற்றிப் பேசும் 17ஆம் பாகத்தின் நகலை எரிப்பது என்று தி.மு.க. அறிவித்தது. முழுச் சட்டத்தையும் எரிக்கவில்லை, அந்த ஒரு பாகத்தை மட்டும் அச்சடித்த தாள்கள். நவம்பரில் போராட்டம் நடந்து, கைதுகளும் நடந்தன. அரசியல் சட்டத்துக்கு உண்மையாக இருப்பேன் என்று உறுதிமொழி எடுத்தவர்களே அதை எரித்தார்கள் என்று சொல்லி, அன்பழகன் உட்பட 10 தி.மு.க. உறுப்பினர்களின் பதவியைப் பறித்தது சட்டமன்றம். அப்போது பேரவைத் தலைவர் பி.எச். பாண்டியன். மூன்றாண்டுக்குள் அண்ணா நகர் வாக்காளர்கள் அவரை மீண்டும் அதே அவைக்கு அனுப்பினார்கள். இந்த முறை அமைச்சராக.

கல்வி அமைச்சராக என்ன செய்தார்?

1989 முதல் 1991 வரையும், 1996 முதல் 2001 வரையும் கல்வித்துறை அவரிடம் இருந்தது. ஆசிரியராக இருந்தவர் கைக்குக் கல்வித்துறை வந்தது பொருத்தமான விஷயம். ஏழைப் பெண்கள் பட்டப்படிப்பு வரை கட்டணமின்றிப் படிக்க ஈ.வெ.ரா. நாகம்மையார் பெயரிலான திட்டம் 1989-90இல் வந்தது. திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல், சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் 1997இல். பாளையங்கோட்டையிலோ ஓமலூரிலோ இருக்கும் ஒரு பெண், வெளியூர் விடுதிக்குப் போகாமல் பக்கத்திலேயே முதுகலை படிக்க முடிந்ததற்கு இவை எவ்வளவு உதவின என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பெரிய தோல்வியும் இங்கேதான். ஐந்தாம் வகுப்பு வரை தமிழோ தாய்மொழியோதான் பயிற்று மொழி என்று 1999 நவம்பரில் அரசு ஆணை போட்டது. மெட்ரிகுலேஷன் பள்ளிகள் வழக்குப் போட்டன. 2000இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. வாழ்நாளெல்லாம் தமிழ் கற்பித்தவர், தமிழ்வழிக் கல்வியைச் சட்டத்தால் நிலைநிறுத்த முடியாமல் போனது வருத்தம்தான். ஆணையை மட்டும் நம்பாமல் அரசுப் பள்ளிகளின் தரத்தை அதே வேகத்தில் உயர்த்தியிருந்தால், பெற்றோர்கள் அவர் பக்கம் நின்றிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

நிதி அமைச்சராகவும் இருந்தாரே?

2006 முதல் 2011 வரை. முதல் பட்ஜெட்டைப் படித்தபோது வயது 83, கடைசி இடைக்கால பட்ஜெட்டின்போது 88. கூட்டுறவு வங்கிகளில் விவசாயிகள் வாங்கியிருந்த ஏறக்குறைய 7,000 கோடி ரூபாய்க் கடன் தள்ளுபடி ஆனதும், கிலோ 2 ரூபாய்க்கு வந்த ரேஷன் அரிசி 2008 செப்டம்பரில் 1 ரூபாய் ஆனதும், வண்ணத் தொலைக்காட்சி வீடு வீடாகப் போனதும் இந்தக் காலம்தான். இவை ஆட்சியின் முடிவுகள், முதல்வரின் முத்திரை. கணக்கை நேர்செய்து அவையில் பதில் சொல்வது இவர் பங்கு.

ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கில் இவர் பெயர் ஏன் வருகிறது?

அன்பழகனின் பொதுவாழ்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1991-96 ஆட்சிக்காலத்தில் வருமானத்துக்கு மேல் சுமார் 66 கோடி ரூபாய் சொத்து சேர்த்தார் என்று ஜெயலலிதா மீதும் மற்ற மூவர் மீதும் வழக்கு. சென்னைத் தனி நீதிமன்றத்தில் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது ஆட்சி மாறி ஜெயலலிதாவே முதல்வரானார். யார் மீது வழக்கோ அவருடைய அரசே வழக்கை நடத்த வேண்டிய நிலை.

அடுத்து நீதிமன்றத்தில் நடந்ததைப் பாருங்கள். ஏற்கெனவே சாட்சி சொல்லி முடித்த அரசுத் தரப்புச் சாட்சிகளில் 76 பேர் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். சாட்சி பல்டி அடித்தால் அரசு வழக்கறிஞர் எழுந்து அவரைப் பிறழ் சாட்சியாக அறிவிக்கக் கேட்டுக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அது நடக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் நீதிபதி முன் நேரில் நின்று பதில் சொல்ல வேண்டிய கட்டத்திலும் விலக்கு தரப்பட்டு, கேள்விகள் எழுத்தில் போய்ப் பதில்கள் எழுத்தில் வந்தன.

அப்போது சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் அன்பழகன். தெருவில் இறங்கிக் கோஷம் போடுவதோடு விட்டிருக்கலாம். அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தமிழ்நாட்டில் நியாயமான விசாரணை நடக்காது, வழக்கை வெளிமாநிலத்துக்கு மாற்றுங்கள் என்று மனு போட்டார். அரசியல் எதிரி போட்ட மனு, இதை ஏற்கவே கூடாது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. 2003 நவம்பர் 18 அன்று நீதிபதிகள் வரியவாவும் சேமாவும் அதை நிராகரித்தார்கள். ஜனநாயகத்தில் எதிர்க்கட்சியினர் ஆளும் அரசின் காவல் நாய்கள் போன்றவர்கள், அவைக்கு உள்ளேயும் வெளியேயும் அவர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு என்று தீர்ப்பில் எழுதி, வழக்கைப் பெங்களூருக்கு மாற்றினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாருக்கும் தெரியும். 2014 செப்டம்பர் 27 அன்று நீதிபதி குன்ஹா 4 ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். பதவியில் இருந்த முதல்வர் ஒருவர் சிறைக்குப் போனார். மேல்முறையீடு கர்நாடக உயர்நீதிமன்றத்துக்கு வந்தபோது, அரசுத் தரப்பு வழக்கறிஞராகப் பவானி சிங்கை நியமித்தது தமிழ்நாடு அரசு. அந்த நியமனத்தை எதிர்த்து மறுபடி உச்ச நீதிமன்றம் ஏறினார் அன்பழகன். அப்போது அவருக்கு 92 வயது. முதலில் இரு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். பிறகு 2015 ஏப்ரல் 27 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, தமிழ்நாட்டுக்கு அந்த அதிகாரமே கிடையாது என்று சொல்லி, அன்பழகன் எழுத்துப்பூர்வமாக வாதத்தைத் தாக்கல் செய்ய ஒரே ஒரு நாள் தந்தது. மறுநாளே தாக்கல் ஆனது.

மே 11 அன்று உயர்நீதிமன்றம் எல்லாரையும் விடுதலை செய்தது. கர்நாடக அரசும் அன்பழகனும் மேல்முறையீடு செய்தார்கள். 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் குன்ஹாவின் தீர்ப்பை மீட்டது. ஜெயலலிதா அதற்கு முன்பே மறைந்துவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனது. மற்ற மூவரும் சிறை சென்றார்கள்.

இது பழிவாங்கல் என்று சொல்பவர்கள் உண்டு. கட்சிப் பகை இருந்தது உண்மைதான், யாரும் மறைக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது தண்டனை கொடுங்கள் என்றல்ல. விசாரணையை ஒழுங்காக நடத்துங்கள் என்றுதான். எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஓர் உறுப்பினருக்குச் சட்டம் எவ்வளவு இடம் தருகிறது என்பதைத் தமிழ்நாட்டுக்குக் காட்டியது இந்த வழக்கு. அமைச்சராக அவர் போட்ட கையெழுத்துகளைவிட மனுதாரராகப் போட்ட கையெழுத்து கனமானது.

நூல்கள் எழுதியிருக்கிறாரா?

எழுதியிருக்கிறார். மொழி, இன உரிமை, இட ஒதுக்கீட்டு வரலாறு, சுயமரியாதைத் திருமணம் இவைதான் அவருடைய களங்கள். 'தமிழர் திருமணமும் இனமானமும்' என்ற நூலை இன்றும் தேடிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். புரோகிதரும் சடங்கும் இல்லாத திருமணங்களுக்கு 1967இல் அண்ணா ஆட்சி சட்ட ஏற்பு தந்தது. அப்படிப்பட்ட மணமேடைகளில் அன்பழகன் பேசினால் வாழ்த்து கொஞ்சமாகவும் வரலாறு நிறையவும் இருக்கும். மணமக்கள் பொறுமையாகக் கேட்டார்கள்.

அவர் மீது வைக்கப்படும் விமர்சனம்?

முக்கியமானது ஒன்று. கட்சியில் குடும்பத்தின் செல்வாக்கு கூடியபோது, அதைத் தட்டிக்கேட்கும் தகுதி யாருக்காவது இருந்தது என்றால் அது அவருக்குத்தான், ஆனாலும் பொதுவெளியில் அவர் பேசவில்லை என்பார்கள். நியாயமான கேள்வி. கட்சிக்குள் சொல்ல வேண்டியதைக் கட்சிக்குள்தான் சொல்வேன் என்ற பழைய கட்டுப்பாடு அவருடையது. அந்தக் கட்டுப்பாட்டால் கழகம் சிதறாமல் இருந்தது, ஆனால் அவர் குரல் வெளியே கேட்க வேண்டிய சில இடங்களில் கேட்காமலும் போனது. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கடைசித் தேர்தல் எது?

2011, வில்லிவாக்கம். தோற்றார். அதன்பின் சட்டமன்றத்துக்கு வரவில்லை. 2021இல் அதே வில்லிவாக்கத்தில் அவருடைய பேரன் அ. வெற்றியழகன் வென்றார்.

அவர் பெயரில் இன்று என்ன இருக்கிறது?

நூற்றாண்டையொட்டிப் பெயர் சூட்டிய கல்லூரிச் சாலை வளாகத்தை முதலிலேயே சொன்னேன். அதைவிடப் பெரியது பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம். 5 ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் செலவில் அரசுப் பள்ளிகளுக்கு 18,000 புதிய வகுப்பறைகள் கட்டுவது என்று 2022-23 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் புதுக் கட்டடம் எழும்பியிருந்தால் அது எந்தத் திட்டத்தில் வந்தது என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். இன்னும் ஓடு ஒழுகும் வகுப்பறையில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால், இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லியே பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுக் கேளுங்கள்.